புழக்கத்திற்கு முந்திய காசுகள்: ஆப்பிரிக்க விடுதலை நினைவு நாணயங்களும் பணவுரிமையும் (1957–1980)

ஆய்வுச் சுருக்கம்

1957ஆம் ஆண்டு முதல் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளுள் சில, தமக்கெனத் தனிப் பணமுறை அமைவதற்கு முன்பே நினைவு நாணயங்களை வெளியிட்டன. கடைத்தெருவில் ஒருநாளும் கைமாறாத இக்காசுகளை நாணய அட்டவணைகள் ‘மாதிரி’ என்றும் ‘புழக்கமற்றவை’ என்றும் ஓரத்தில் வைக்கின்றன. இக்கட்டுரை அவற்றின் எடை, அலகுப்பெயர், பொறிப்பு, ஆண்டு ஆகியவற்றைப் பின்னர் வந்த புழக்கக் காசுகளோடு ஒப்பிடுகிறது. அரசியல் விடுதலைக்கும் பணவுரிமைக்கும் இடையே இருந்த தொலைவை அளக்க இவையே நேர்ச்சான்று என்பது இதன் கருத்து. லெசோத்தோ, போட்சுவானா, சுவாசிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் காசுகள் விரிவாக ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நாணயவியல், மாதிரி நாணயம், ஆப்பிரிக்க விடுதலை, பணவுரிமை, ரேண்ட், லோத்தி, தேபே.

முன்னுரை

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் போட்சுவானா விடுதலை பெற்றது. அவ்வாண்டின் எண்ணைத் தாங்கி அந்நாட்டின் பெயரால் இரண்டு நாணயங்கள் வெளிவந்தன. ஒன்று வெள்ளியாலான 50 சென்ட். மற்றொன்று பொன்னாலான 10 தேபே. நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் உருவம் அவற்றில் இடம்பெற்றது. அன்று காபரோனிச் சந்தையில் ஒருவர் ஆடு வாங்கினாலும் சோளம் வாங்கினாலும் கொடுத்தது தென்னாப்பிரிக்க ரேண்ட். தேபே என்றொரு பணம் அந்நாட்டில் இல்லை. அது வருவதற்கு இன்னும் பத்தாண்டுகள் இருந்தன.

இல்லாத பணத்தில் ஒரு காசு ஏன் அடிக்கப்பட்டது? சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்குக்காக என்று ஒரே வரியில் விடை கூறிவிடலாம். அட்டவணைகள் பெரும்பாலும் அப்படித்தான் கூறுகின்றன. அவ்விடை பொய்யன்று, ஆனால் போதாது. நாணயவியல் நெடுங்காலமாகப் புழக்கத்தையே நாணயத்தின் உரைகல்லாகக் கொண்டுவந்துள்ளது. தேய்மானமே காசின் வாழ்க்கை வரலாறு என்ற எண்ணம் இத்துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தேயாத காசுக்கும் சொல்ல ஒரு வரலாறு உண்டு என்பதை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரி என்னும் சொல்

ஒரு நாணயம் புழக்கத்திற்கு அடிக்கப்படுமுன், அதன் உலோகம், அளவு, உருவம், எழுத்து ஆகியன பொருந்துகின்றனவா எனப் பார்ப்பதற்குச் சில காசுகள் அடிக்கப்படும். இவையே மாதிரி நாணயங்கள். பிரான்சு நாட்டின் பாரிசு நாணயச்சாலையில் இதற்கென ஒரு மரபு இருந்தது. புதிய வகைக் காசு ஒவ்வொன்றுக்கும், ‘எஸ்ஸே’ என்னும் சொல் பொறிக்கப்பட்ட மாதிரிகள் சிறு எண்ணிக்கையில் அடிக்கப்பட்டு உயரலுவலர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பின்னர்ச் சேகரிப்பாளர்களுக்கும் சென்றன. சிலவற்றுக்கு இருமடங்கு தடிப்பில் தனிப் பதிப்பும் உண்டு. இலண்டன் நாணயச்சாலையில் மாதிரிகள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிட்டன; வெளியே வந்தவை கண்ணாடி போல் மெருகேற்றப்பட்ட ‘புரூஃப்’ காசுகள்.

எனவே, விடுதலை நினைவுக் காசு அனைத்தையும் மாதிரி நாணயம் என்பது அட்டவணை இலக்கணப்படி பிழை. நினைவு நாணயத்துக்குச் சட்டப்படி மதிப்பு உண்டு, மாதிரிக்கு இல்லை. ஆயினும் தமிழில் ‘மாதிரி’ என்ற சொல் முன்வடிவத்தையும் குறிக்கும், ‘போல’ என்ற பொருளையும் தரும். வரவிருக்கும் பணத்தின் முன்வடிவாகவும், பணம் போலத் தோன்றிப் பணமாகாததாகவும் ஒருங்கே நின்ற இக்காசுகளுக்கு இந்த இருபொருட்சொல் பொருந்தும் என்பதால், இக்கட்டுரையில் அது சற்று விரிந்த பொருளில் ஆளப்படுகிறது.

கானா: தலை மாறிய காசு

முதலில் விடுதலை நினைவும் புழக்கமும் ஒன்றாக இணைந்த ஒரு நிகழ்வைக் காண்பது, இரண்டும் பிரிந்த நிகழ்வுகளை விளங்கிக்கொள்ள உதவும். கானா 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றது. அதுவரை அங்குப் புழங்கியது 1912இல் நிறுவப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கப் பணவாரியத்தின் காசு. கானா வங்கி 1957இலேயே தோன்றியது; 1958 சூலை 14 அன்று கானா பவுண்டு வெளிவந்தது. விடுதலைக்கும் சொந்தக் காசுக்கும் இடையில் கழிந்தது ஏறத்தாழ 16 மாதம்.

அக்காசுகளில் அரசி இரண்டாம் எலிசபெத்தின் உருவம் இல்லை. தலைமையமைச்சர் குவாமே நிக்ருமாவின் தலை இருந்தது. இதில் ஓர் அரசியலமைப்பு முரண் உண்டு. கானா குடியரசானது 1960 சூலை 1 அன்றுதான். 1958இல் சட்டப்படி நாட்டின் தலைவர் இன்னும் அரசியே. நாட்டுத் தலைவரின் இடத்தில் அரசாங்கத் தலைவர் அமர்ந்த காசு அது. உருவத்தைச் செதுக்கியவர் அங்கேரியில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய சிற்பி பால் வின்ட்சே. பின்பக்கத்தில் கானாக் கொடியின் ஐம்முனை விண்மீன். தலையைச் சுற்றி, கானா அரசின் நிறுவுநர் எனப் பொருள்படும் இலத்தீன் தொடர். பிரித்தானிய முடியின் காசுகள் அரசரின் பட்டங்களை இலத்தீனில்தான் பொறித்துவந்தன. முடியை அகற்றியவர்கள் முடியின் மொழியை அகற்றவில்லை. அக்ராவின் வணிகப்பெண்டிருள் எத்தனை பேர் அந்த இலத்தீனைப் படித்திருப்பர் என்று கேட்பது குதர்க்கமாகத் தோன்றலாம். ஆனால் அக்கேள்விக்கான விடையை நிக்ருமாவே முன்கூட்டித் தந்திருந்தார். 1957 சூன் மாதம் இலண்டன் நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், தம் மக்களுட் பலர் எழுதப் படிக்க அறியாதவர். தாம் விடுதலை பெற்றுவிட்டதை அவர்களுக்குக் குறிகளால்தான் காட்ட முடியும் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். ஆக, எழுத்து அரசுகளுக்கு, தலை மக்களுக்கு.

எதிர்க்கட்சியினர் இதனைத் தனிமனித வழிபாடு எனக் கண்டித்தனர். அக்கண்டனம் முற்றும் தவறு எனத் தள்ளுவதற்கில்லை. 1965இல் பவுண்டுக்குப் பதிலாகச் செடி வந்தபோதும் நிக்ருமாவின் தலை தொடர்ந்தது. 1966 பிப்ரவரி 24 அன்று படையினர் அவரது ஆட்சியைக் கவிழ்த்தனர். அடுத்த ஆண்டே புதிய செடி அறிமுகமாயிற்று; 1967 காசுகளில் கோகோவும் முரசும் இடம்பெற்றன; மனிதத் தலை எதுவும் இல்லை. ஒரு காசில் தலையை வைத்தால் அதை எடுக்க ஒரு பணமுறையையே மாற்ற வேண்டியிருக்கும் என்பது அவ்வாட்சியாளர்கள் கண்ட நடைமுறைப் பாடம்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இச்சிக்கல் வேறு வகையில் கடக்கப்பட்டது. தங்கனீக்கா 1961இலும், உகாண்டா 1962இலும், கென்யா 1963இலும் விடுதலை பெற்ற பின்னரும் மூன்றுக்கும் பொதுவாகக் கிழக்கு ஆப்பிரிக்கப் பணவாரியத்தின் காசுகளே புழங்கின. 1964 எனத் தேதியிட்டு அடிக்கப்பட்டவை 5 சென்ட், 10 சென்ட் ஆகிய இரண்டு மட்டுமே. அவ்விரண்டும் நடுவில் துளையுள்ளவை. தொடக்கத்திலிருந்தே அவற்றில் அரசரின் தலைக்கு இடமில்லை, முடிச்சின்னமும் பெயரும் மட்டுமே இருந்தன. அவற்றை நீக்கிவிட்டுக் கிழக்கு ஆப்பிரிக்கா என்று மட்டும் பொறித்தனர். யாருடைய தலையை வைப்பது என்ற வினாவைத் துளை விழுங்கிவிட்டது. 1966இல் மூன்று நாடுகளும் தத்தம் மத்திய வங்கிகளோடு பிரிந்தபோது கென்யாக் காசில் கென்யாட்டாவும் தன்சானியாக் காசில் நைரேரேயும் தோன்றினர். உகாண்டா மட்டும் யானைத் தந்தத்தையும் கொண்டைக் கொக்கையும் வைத்து, தலையைத் தவிர்த்தது.

பாரிசின் அச்சு

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடுகளின் நிலை வேறு. 1960 சனவரி 1 அன்று கமரூன் விடுதலை பெற்றது. அதனைக் குறிக்க 50 பிராங்கு நாணயம் ஒன்று பாரிசில் அடிக்கப்பட்டது; அதற்கு எஸ்ஸே மாதிரியும் உண்டு. அமைதி, உழைப்பு, தாயகம் என்னும் நாட்டு முழக்கமும் விடுதலை நாளும் அதில் பொறிக்கப்பட்டன. மறுபக்கத்தில் பெரிய ஈலண்ட் மான்களின் மூன்று தலைகள். இந்த மான்தலைகள் புதியவை அல்ல. 1958இல், குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே, 5, 10, 25 பிராங்குக் காசுகளில் இடம்பெற்றவை. நாள் மாறிற்று, மான் மாறவில்லை, பிராங்கும் மாறவில்லை. பாரிசுக் கருவூலத்தோடு பிணைந்த அந்தப் பிராங்கு, பெயரிலும் வங்கியிலும் சில மாற்றங்களோடு, இன்றளவும் அங்குப் புழங்குகிறது. விடுதலையைக் கொண்டாடும் காசை, விடுதலை தந்த நாட்டின் நாணயச்சாலையே தன் பழைய உருவத்தைக் கொண்டு அடித்துக் கொடுத்தது என்பதில் உள்ள அமைதியான அதிகாரம் கவனிக்கத்தக்கது.

கினி இதற்கு நேர்மாறு. 1958 செப்டம்பர் 28 வாக்கெடுப்பில் தெ கோலின் பிரெஞ்சுச் சமூகத்தை நிராகரித்த ஒரே ஆப்பிரிக்க ஆட்சிப்பகுதி அது. அக்டோபர் 2 அன்று விடுதலை. 1960 மார்ச் 1 அன்று பிராங்கு வலயத்தைவிட்டு வெளியேறித் தன் சொந்தப் பிராங்கை அறிமுகப்படுத்தியது. ஆனால் செக்கூ தூரேயின் உருவம் தாங்கிய 5, 10, 25 பிராங்குக் காசுகளில் காணப்படும் ஆண்டு 1959. காசின் தேதி பணத்தின் தேதிக்கு முந்தியது. இது விழாவுக்காக நேர்ந்த முந்துதல் அன்று. முறித்துக்கொள்வதற்குச் செய்த ஆயத்தத்தின் தடயம். அதன் விலையையும் கினி கொடுத்தது. பிரெஞ்சு உளவுத்துறை போலிக் கினிப் பணத்தாள்களை நாட்டுக்குள் பரப்பிப் பொருளாதாரத்தைக் குலைக்க முயன்றது பின்னர் வெளிப்பட்டது. போலி செய்யப்படும் அளவுக்கு ஒரு பணம் அச்சுறுத்தலாகக் கருதப்பட்டது என்றால், அப்பணத்தின் பொருள் வாங்கும் ஆற்றலைத் தாண்டியது எனலாம்.

தெற்கின் மூன்று நாடுகள்

இனி இக்கட்டுரையின் மையச் சான்றுகளுக்கு வரலாம். பாசுட்டோலாந்து, பெச்சுவானாலாந்து, சுவாசிலாந்து ஆகிய மூன்றும் பிரித்தானிய உயராணையரின் ஆட்சிப்பகுதிகள். 1961 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா ரேண்டுக்கு மாறியபோது இவையும் மாறின. இனவொதுக்கல் கொள்கையைக் கடைப்பிடித்த அயல்நாட்டின் பணத்தோடு, அதனை வகுப்பதில் எவ்விதப் பங்கும் இன்றி, இவை விடுதலைக்குள் நுழைந்தன. முதலிரண்டும் 1966இல் போட்சுவானா, லெசோத்தோ என்ற பெயர்களுடன் விடுதலை பெற்றன. சுவாசிலாந்து 1968 செப்டம்பர் 6 அன்று விடுதலை பெற்றது. மூன்று நாடுகளும் விடுதலை ஆண்டைத் தாங்கிய காசுகளை வெளியிட்டன. மூன்றுக்கும் அப்போது சொந்தப் பணம் இல்லை.

லெசோத்தோவின் காசுகளை முதலில் நோக்குவோம். 1966 அக்டோபர் 4 விடுதலையை ஒட்டி, 5, 10, 20, 50 லிசெந்தே வெள்ளியிலும், 1 லோத்தி, 2 மலோத்தி, 4 மலோத்தி பொன்னிலும் வெளிவந்தன. மலோத்தி என்பது அந்நாட்டின் மலைத்தொடரின் பெயர். லோத்தி அதன் ஒருமை. சந்தையில் இல்லாத இந்த அலகின் மதிப்பு என்ன? காசின் எழுத்து அதனைக் கூறவில்லை, எடை கூறுகிறது. 1 லோத்திப் பொற்காசின் எடை 3.99 கிராம், 2 மலோத்தியின் எடை 7.99 கிராம், 4 மலோத்தியின் எடை 15.98 கிராம், தூய்மை 22 காரட். 7.99 கிராம் என்பது ஆங்கிலச் சவரனின் எடை. அதைவிட முக்கியமாக, 1961 முதல் தென்னாப்பிரிக்கா அடித்துவந்த 2 ரேண்ட் பொற்காசின் எடையும் அதுவே. 1 ரேண்ட் பொற்காசின் எடை 3.99 கிராம். அன்றைய அரசு விலையான அவுன்ஸுக்கு 35 டாலர், ரேண்டுக்கு 1.40 டாலர் எனக் கணக்கிட்டால், 1 லோத்திக் காசிலிருந்த பொன்னின் விலையே ஏறத்தாழ மூன்று ரேண்ட் ஆகும். ஆகவே முகமதிப்பு பொன்னின் விலையை உணர்த்தவில்லை. லோத்தி ரேண்டுக்கு இணை என்பதையே அது உணர்த்தியது. 1980இல் லோத்தி உண்மையாகவே புழக்கத்திற்கு வந்தபோது, ஒரு லோத்திக்கு ஒரு ரேண்ட் என்ற அதே இணைமதிப்பில் வந்தது. 14 ஆண்டுகளுக்குப் பின் நடக்கவிருந்ததை 3.99 கிராம் பொன் முன்னரே எழுதிவைத்திருந்தது என்று கூறுவது மிகையாகாது. விடுதலைக் காசு என அடிக்கப்பட்ட ஒன்று, தன் எடையிலேயே பிறிதொரு நாட்டின் காசைச் சுமந்துகொண்டிருந்தது.

போட்சுவானாவின் நிலை வேறு, ஓரளவு புதிரும்கூட. 50 சென்ட் என்பது ரேண்டின் சென்ட். அதன் இணைக் காசான 10 தேபேயில் உள்ள தேபே, செட்சுவானா மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல். ஒரே விழாவுக்கு அடித்த இரு காசுகளில் ஒன்று அயலாரின் கணக்கையும் மற்றொன்று சொந்தச் சொல்லையும் தாங்கின. 1976இல் புதிய பணம் வந்தபோது முதன்மை அலகுக்கு, மழை எனப் பொருள்படும் புலா என்ற பெயர் அமைந்தது. அதன் நூற்றில் ஒரு பங்கே தேபே. தொடக்கத்தில் ஒரு புலா ஒரு ரேண்டுக்கு இணை. எனவே 1976இன் 10 தேபே ஒரு ரேண்டில் பத்தில் ஒரு பங்கு. செம்பும் நிக்கலும் கலந்த சிறு காசு. 1966இன் 10 தேபேயோ 11.3 கிராம் எடையுள்ள பொற்காசு. பத்தில் ஒன்பது பங்கு தூய பொன். மேற்கண்ட அதே விலைகளின்படி அதன் பொன்மதிப்பு மட்டுமே எட்டு ரேண்டைத் தாண்டும். ஆகவே 1966இல் தேபே என்ற சொல்லால் கருதப்பட்டது நூற்றில் ஒரு பங்காகிய சில்லறை அன்று. ரேண்டை ஒத்ததொரு முதன்மை அலகாக அது எண்ணப்பட்டிருத்தல் வேண்டும். பத்தாண்டு இடைவெளியில் கேடயம் இறங்கி மழை ஏறியது. வறண்ட நிலத்தில் மழையே செல்வம் என்ற உணர்வு அந்நாட்டின் அரசுச் சின்னத்திலேயே புலா என எழுதப்பட்டிருக்கும்போது, அச்சொல் 1966இல் காசுக்குத் தெரிவாகாததுதான் வியப்பு.

சுவாசிலாந்தின் 1968 தொகுதியில் 5, 10, 20, 50 சென்ட்டுகளும் 1 லுலாங்காவும் வெள்ளியிலும், 1 லிலங்கேனி பொன்னிலும் அமைந்தன. அரசர் இரண்டாம் சோபுசாவின் உருவம் அவற்றில் உண்டு. லிலங்கேனியின் எடை 33.93 கிராம், அதில் ஒரு அவுன்சு தூய பொன். அதற்கு முந்திய ஆண்டில் தென்னாப்பிரிக்கா அறிமுகப்படுத்திய குரூகர்ராண்டின் எடையும் துல்லியமாக இதுவே. அரசு விலையில் ஒரு அவுன்சு பொன் 25 ரேண்ட். 1974 செப்டம்பரில் புழக்கத்திற்கு வந்த லிலங்கேனியோ ஒரு ரேண்ட். பெயர் நிலைத்தது, மதிப்பு இருபத்தைந்தில் ஒன்றாக அமைந்தது. லுலாங்கா என்ற அலகு புழக்கத்திற்கு வரவேயில்லை. பிறவாமலே மறைந்த ஒரு பண அலகின் பெயர் அந்த வெள்ளிக் காசில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இம்மூன்று தொகுதிகளையும் அருகருகே வைத்து நோக்கினால், அவை ஒரே வகைப் பொருள்கள் அல்ல என்பது புலனாகும். லெசோத்தோவின் காசு, வரவிருக்கும் பணத்தின் மதிப்பையும் பெயரையும் சரியாக முன்னுரைத்தது. போட்சுவானாவின் காசு சொல்லைக் கண்டது, அதன் படிநிலையைக் காணவில்லை. சுவாசிலாந்தின் காசு பொற்சந்தையின் அலகைப் பணத்தின் அலகாக எடுத்துக்கொண்டது. ‘புழக்கமற்ற நினைவு நாணயம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இவற்றை அடுக்கும் அட்டவணைமுறை இவ்வேறுபாட்டை முழுவதும் மறைத்துவிடுகிறது.

ஏற்கப்படாத அரசுகளின் காசு

பணம் பின்னர் வரும் என்ற நம்பிக்கையேனும் மேற்கண்ட நாடுகளுக்கு இருந்தது. நாடே நிலைக்குமா என்ற ஐயத்தில் அடிக்கப்பட்ட காசுகளும் உண்டு. கொங்கோவிலிருந்து 1960 சூலை 11 அன்று பிரிந்ததாக அறிவித்த கட்டாங்காவை உலகில் எந்த நாடும் ஏற்கவில்லை. ஆயினும் 1961 எனத் தேதியிட்ட 1 பிராங்கு, 5 பிராங்கு வெண்கலக் காசுகளை அது வெளியிட்டது. 5 பிராங்கு பொன்னிலும் அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் வாழைக்குலை. மறுபக்கம் கட்டாங்காச் சிலுவை. இச்சிலுவை சமயச்சின்னம் அன்று. ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அப்பகுதியில் செம்பை உருக்கி வார்த்துப் பணமாகப் பயன்படுத்திய குறுக்குவடிவக் கட்டி அது. பழைய பணத்தின் உருவத்தைப் புதிய காசில் பொறித்தது, செம்பு எங்களுடையது என்ற உரிமைக்கூற்று. ஆனால் அச்செம்பைத் தோண்டியதும் ஷோம்பே அரசுக்கு வரி செலுத்தித் தாங்கியதும் பெல்சியச் சுரங்க நிறுவனம் என்பதை நினைவில் கொண்டால், காசின் உரிமைக்கூற்று யார் குரலில் ஒலித்தது என்ற வினா எழும். 1963 சனவரியில் பிரிவினை முடிந்தது.

நைசீரியாவிலிருந்து 1967 மே 30 அன்று பிரிந்த பியாஃப்ரா, 1969இல் அலுமினியச் சில்லறைக் காசுகளையும் வெள்ளி 1 பவுண்டையும், பிரிவின் இரண்டாம் ஆண்டு நிறைவுக்கெனப் பொற்காசுத் தொகுதியொன்றையும் வெளியிட்டது. முற்றுகையில் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த ஆண்டு அது. அப்பொற்காசைக் காணும்போது எழும் கசப்பை ஆய்வு நடுநிலை என்ற பெயரில் மறைக்க வேண்டியதில்லை. 1970 சனவரியில் பியாஃப்ரா வீழ்ந்தது. அதன் அலுமினியக் காசும் பொற்காசும் இன்று ஏலக்கூடங்களில் ஒரே பெட்டியில் கிடக்கின்றன.

சந்தை என்னும் மூன்றாம் தரப்பு

1969–70 அளவில் இவ்வகை நாணயங்களின் இயல்பு மாறியது. கினி தன் பத்தாம் ஆண்டு விடுதலை நிறைவையொட்டி வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் மார்ட்டின் லூதர் கிங்கும் கென்னடி உடன்பிறந்தாரும் நிலவில் இறங்கிய கலமும் இடம்பெற்றனர். 1968இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற எக்குவடோரியல் கினியின் 1970 தொகுதியில் லெனின், லிங்கன், காந்தி ஆகியோரோடு, ஓவியர் கோயாவின் ஆடையற்ற மகளிர் ஓவியமும் ஒரு காசில் உண்டு. அந்நாட்டு மக்களின் வாழ்வுக்கும் இவ்வுருவங்களுக்கும் உள்ள தொடர்பைத் தேடுவது வீண்முயற்சி. இவை ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் பெட்டிகளை நோக்கிச் செய்யப்பட்டவை. நாட்டின் பெயர் உரிமச்சீட்டாக மட்டும் பயன்பட்டது. 2003 முதல் பல ஆப்பிரிக்க நாடுகளின் பெயரில், ‘எஸ்ஸே’ என்ற சொல்லோடும் ‘ஆப்பிரிக்கா’ என்னும் இல்லாத அலகோடும் சந்தைக்கு வந்த துண்டுகள் இப்போக்கின் கடைசிப் படி. எதற்கு முன்மாதிரி என்று கேட்க முடியாத மாதிரிகள் அவை.

இவற்றையும் 1966இன் லோத்தியையும் வேறுபடுத்துவதற்கு இக்கட்டுரை முன்வைக்கும் உரைகல் எளியது: காசிலுள்ள அலகு பின்னர்ப் பணமாயிற்றா, அல்லது பணமாக வேண்டும் என அந்நாட்டில் எவரேனும் கருதியதற்குச் சான்று உண்டா? அழகும் உலோகமும் அரிமையும் இதற்கு விடை தரா.

1974க்குப் பின்

தெற்கின் மூன்று நாடுகளும் தத்தம் காசு வெளிவந்த பின் ஆறு முதல் பதினான்கு ஆண்டு வரை ரேண்டிலேயே வாழ்ந்தன. 1974 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, சுவாசிலாந்து மூன்றும் ரேண்ட் பணவலய உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. பேச்சுவார்த்தையில் பங்கேற்ற போட்சுவானா கையொப்பமிடாமல் விலகியது. 1975இல் தன் வங்கியை நிறுவி, 1976 ஆகஸ்டு 23 அன்று புலாவை வெளியிட்டது. விடுதலைக் காசில் தன் எதிர்காலப் பணத்தைத் தவறாகக் கணித்த நாடே, பணவுரிமையில் முதலில் முழுமையாக விடுபட்டது. சரியாகக் கணித்த லெசோத்தோ இன்றும் ரேண்டுக்கு இணையாகவே நிற்கிறது. எடையில் எழுதப்பட்டிருந்த இணைமதிப்பு அந்நாட்டுக்கு முன்னறிவா, கட்டா என்பதை ஒரு சொல்லில் கூறிவிட இயலாது. நிலத்தால் நாற்புறமும் தென்னாப்பிரிக்காவே சூழ்ந்த நாடு அது. அதன் ஆடவர் பல்லாயிரவர் அங்குள்ள சுரங்கங்களில் உழைத்து அனுப்பிய கூலியும் ரேண்டிலேயே வந்தது. அக்கூலியைப் பெற்ற குடும்பங்களுக்கு இணைமதிப்பு என்பது அன்றாடப் பாதுகாப்பு.

லெசோத்தோவின் முதல் புழக்கக் காசுகள் 1979 எனத் தேதியிட்டு 1980இல் வெளிவந்தன. 1966 வெள்ளிக் காசில் சில்லறை அலகின் பெயர், ஆங்கிலச் சென்ட்டைப் பின்பற்றி உரோம எழுத்தின் மூன்றாம் எழுத்தான ‘சி’ கொண்டு எழுதப்பட்டிருந்தது. 1979 காசில் அவ்விடத்தில் ‘எஸ்’ என்னும் எழுத்து இருந்தது. ஒலிப்பு மாறவில்லை. மதிப்பும் மாறவில்லை. மாறியது அந்த ஓர் எழுத்துதான்.